ஆகட்டுங்க பெரியப்பா

ஆட்டையாம்பட்டி கடைவீதியில் என் பெரியப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பாதிச் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில் ‘இல்லை என்று சொல்லாத உள்ளம்’ என்று போட்டிருக்கிறது. லாரிக்காரர்கள் ஒன்று வைத்தார்கள், தறிக்காரர்கள் அதைவிடப் பெரிதாக ஒன்று வைத்தார்கள். வாசகத்தில் பொய் கிடையாது. அவர் யாரிடமும் இல்லை என்று சொன்னதே இல்லை. அதனால்தான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“செத்தவங்களைப் பத்தி இப்படிப் பேசலாமா?” என்று அம்மா கேட்கிறாள். இருந்தபோதும் அவள் பேச விட்டதில்லை. பிறகு எப்போதுதான் பேசுவது?

யார் வந்து எதைக் கேட்டாலும் பெரியப்பா வலது கையை நெஞ்சில் வைப்பார். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். “ஆகட்டுங்க” என்பார். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருப்பார். கிளம்பும்போது வாசல் வரை போய், வண்டி கண்ணுக்கு மறைகிற வரை அங்கேயே நிற்பார். அவர் நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிற நிமிஷத்தில் மனசாரத்தான் சொல்வார். அடுத்த ஆள் வந்து அதற்கு நேர்மாறாகக் கேட்டால் அதையும் மனசாரத்தான் சொல்வார். உள்ளாட்சித் தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பேருமே பெரியப்பா வீட்டு ஓட்டு தனக்குத்தான் என்று சத்தியம் செய்வார்கள்.

அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்கிற பெட்டிகள் மூன்று மாட்டியிருந்தன. விற்க வந்த பையன்கள் வெயிலில் வந்திருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். மூன்றில் ஒன்றும் ஓடவில்லை. பெரியம்மா குடத்துத் தண்ணீரைத்தான் மொண்டு கொடுப்பாள்.

அவர் நடத்தியது லாரி புக்கிங் ஆபீஸ். லோடு வைத்திருப்பவனுக்கு லாரி பிடித்துக் கொடுக்க வேண்டும், லாரி வைத்திருப்பவனுக்கு லோடு பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் செய்யக்கூடாத தொழில் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒருமுறை ஒரே லாரியை ஜவ்வரிசி மில்காரருக்கும் கோழித்தீவனக்காரருக்கும் ஒப்புக்கொண்டார். விடியற்காலையில் இரண்டு பேரும் மூட்டைகளோடு வந்து நின்றார்கள். பெரியப்பா இரண்டு பேருக்கும் டீயும் சூடான போண்டாவும் வரவழைத்தார். வெயில் ஏறும்வரை பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் தீவனக்காரர், “உங்ககிட்ட வந்து சண்டை போட முடியுதுங்களா?” என்று சிரித்துக்கொண்டே வேறு லாரி தேடிப் போனார். ஊரில் இதை அவருடைய பெருமையாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள். தீவனக்காரருக்கு அன்றைக்கு வேறு லாரி கிடைத்ததா என்று யாரும் கேட்டதில்லை.

பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஸ்கேன் எடுக்கச் சேலத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று நாள் குறித்து வைத்திருந்தார். அன்று காலையில் பக்கத்துக் காட்டுக்காரர் பேத்தியின் காதுகுத்துக்குக் கார் வேண்டும் என்று வந்து நின்றார். ஆகட்டுங்க. கார் குலதெய்வக் கோயிலுக்குப் போனது, பெரியம்மா டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே சேலம் போனாள். நான்தான் துணைக்குப் போனேன். சீலநாயக்கன்பட்டி வந்தும் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி அவள் சொன்னாள்:

“உங்க பெரியப்பன் ஊருக்கெல்லாம் ஆகட்டும்பாரு. அதுக்கு ஊட்டுல இருக்கறவங்க பஸ்ஸுல நிக்கோணும்.”

அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டேன். என் முறை வந்தபோதுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று தெரிந்தது.

என் அப்பா போர்வெல் வண்டியில் போனவர். வருஷத்தில் பாதி மத்தியப் பிரதேசத்தில் எங்கோ பூமியைத் துளை போட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் எதைக் கேட்டாலும், “அண்ணன்கிட்ட கேட்டுக்கோ” என்று போனில் சொல்லிவிடுவார். அம்மா பெரியப்பாவை மாமா என்று கூப்பிடுவாள். அவர் எதிரில் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. ஆக எனக்கு எல்லாமே பெரியப்பாதான்.

நியாயமாகச் சொன்னால், நான் வாலிபால் ஆடினதே அவரால்தான். முதல் ஷூ அவர் வாங்கிக் கொடுத்தது. முழங்காலுக்கு உறை வாங்கிக் கொடுத்தது அவர். எந்த ஊரில் மேட்ச் நடந்தாலும் காரில் கூட்டிப் போவார். குளுக்கோஸ் பாக்கெட்டும் எலுமிச்சம்பழமுமாகக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். நான் ஒரு பாயின்ட் எடுத்தால் பக்கத்தில் நிற்கிறவரிடம், “நம்ம தம்பி புள்ளைங்க” என்பார். வேண்டாதவராக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

நான் இடதுகைக்காரி. வலது பக்க ஓரத்திலிருந்து அடிக்கிறவள். செட்டர், அதாவது பந்தைத் தூக்கிக் கொடுக்கிற பெண், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவள் திரும்பிப் பார்க்காமல் தலைக்குப் பின்னால் பந்தை அனுப்ப வேண்டும். அது வந்துவிட்டால் என்னை எதிர்ப்பக்கம் யாராலும் நிறுத்த முடியாது. எங்கள் பள்ளியில் அப்படிக் கொடுக்கத் தெரிந்தவள் யாரும் இல்லை. வந்த அரைகுறைப் பந்தை அடித்தே நான் மாநிலப் போட்டி வரைக்கும் போனேன். அங்கே பக்கத்துக் கோட்டில் சென்னைக் கல்லூரி ஒன்றின் அணி விளையாடுவதைப் பார்த்தேன். அவர்களுடைய செட்டர் பேச்சுவாக்கில் கதவைச் சாத்துகிற மாதிரி பந்தைப் பின்னால் தள்ளினாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவள் தூக்கிக் கொடுக்கிற பந்தைத்தான் நான் அடிக்க வேண்டும் என்று.

பன்னிரண்டாவது முடிக்கும்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்க்க வீடு தேடி வந்தார்கள். முதலில் வந்தது எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி. தாளாளரின் மைத்துனர் ஒரு பெரிய காரில் பழக்கூடையோடு வந்தார். அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் எனக்கு மூத்தவளாக இருந்து அங்கே சேர்ந்த அக்கா ஒருத்தி சொல்லியிருந்தாள்: “போர்டுல போட்டோ போடறதுக்குத்தான் டீம். ரெண்டு மாசம் ஆடுனோம், பி.டி. சார் வேலைய உட்டுட்டுப் போயிட்டாரு. வேற ஆளே போடல.” இதைப் பெரியப்பாவிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியிருந்தேன். ஆகட்டும் சாமி என்றிருந்தார்.

வந்தவருக்கு நாட்டுக்கோழி அடித்தார்கள். இலை போட்டார்கள். மைத்துனர் குழம்புக்குச் சாப்பிட்டார், ரசத்துக்குச் சாப்பிட்டார், மோருக்கும் சோறு வாங்கினார். எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போகிறவர்கள் பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்க மாட்டார்கள். காபித்தண்ணி குடிக்கலாம். இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சம்மதம், பிறகு பேச்சு மாறக்கூடாது. அந்த ஆள் இந்த மண்ணில் பிறந்தவர். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“கை நனைச்சாச்சுங்க. இனி பாப்பா நம்ம காலேஜ் பாப்பா.”

“ஆகட்டுங்க” என்றார் பெரியப்பா, நெஞ்சில் கையை வைத்து.

அடுத்த வாரம் சென்னைக் கல்லூரியின் கோச் வந்தார். பெண்மணி. காட்டன் புடவையும் கான்வாஸ் ஷூவுமாகச் சேலத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தார். பெரியப்பா சாப்பிடச் சொன்னார். பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டாயிற்று என்று ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். அதுவரை வந்தவர்கள் யாரும் என்னிடம் பேசியதில்லை. அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“உனக்கு எந்த பால் பிடிக்கும்மா?”

“பின்னால தள்ளிக் கொடுக்கற பால் மேடம். இங்க யாரும் கொடுக்க மாட்டாங்க.”

“எங்ககிட்ட கொடுப்பாங்க. வர்றியா?”

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பெரியப்பாவைப் பார்த்தார். “ஒரே ஒரு இடம்தான் சார் இருக்கு. அனுப்புவீங்கன்னா இவளுக்கு வச்சிருக்கேன். இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க, எனக்கு வருத்தமில்லை.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிக் கேட்பது? பெரியப்பா நெஞ்சில் கையை வைத்தார். “ஆகட்டுங்க மேடம். பாப்பாவை நானே ரயிலேத்தி உடறேனுங்க.” பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் பஸ் மறைகிற வரை நின்றுவிட்டு வந்தார்.

சேர வேண்டிய நாளுக்குச் சேலத்திலிருந்து காலை ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தது. சென்ட்ரலில் அந்த செட்டர் அக்காவே வந்து கூட்டிப் போவாள் என்று மேடம் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் பையைக் கட்டி வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

“நாளைக்குச் சென்னைதானுங்களே பெரியப்பா?”

“ஆகட்டும் சாமி. நேரத்துல படு.”

காலையில் அவரே கார் ஓட்டினார். நான் முன் சீட்டில். அம்மா பின்னால். ஆட்டையாம்பட்டி கடைவீதியைத் தாண்டியதும் கார் சேலம் ரோட்டை விட்டுவிட்டு ராசிபுரம் பக்கமாகத் திரும்பியது. டீசல் போடத் திரும்புகிறார் என்று நினைத்தேன். பெட்ரோல் பங்கும் தாண்டியது.

“பெரியப்பா, ரயிலுக்கு நேரமாச்சுங்க.”

அவர் கியரை மாற்றினார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“எங்கீங்க போறோம்?”

“அவங்க நம்மூட்டுல கை நனைச்சுட்டாங்க சாமி” என்றார், ரோட்டைப் பார்த்தபடி. “அந்தம்மா பச்சத்தண்ணியோடதான் போனாங்க. சாப்பிட்டவங்களுக்குத்தான நாம கடமைப்பட்டவங்க.”

“நான் என்ன பொண்ணு கேட்டு வந்தவங்க கூட்டிட்டுப் போற சரக்கா?” என்று கத்தினேன். “அவங்ககிட்ட டீமே இல்லைன்னு உங்ககிட்ட சொன்னேனுங்களே?”

“சத்தம் போடாத சாமி. ரோட்டுல போறவங்க பாக்கறாங்க.”

அப்போது அவருடைய போன் அடித்தது. மேடம். ரோட்டில் போகிறவர்களிடம்கூடப் பேச்சு வாங்க அஞ்சுகிற மனிதர், வண்டியை ஓரம் கட்டிப் போனை எடுத்தார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

“வந்துட்டே இருக்கறமுங்க மேடம். பாப்பா பக்கத்துலதான் இருக்குது. ஆமாங்க, ஆமாங்க. வாரோமுங்க.”

சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சென்னைக்குப் போகிற ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிற காரில் உட்கார்ந்து, கூச்சமில்லாமல், அன்பாக, வாரோமுங்க என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் துளி கள்ளம் கிடையாது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னிடம் போன் கிடையாது. மேடத்தின் நம்பரும் அவர் போனில்தான் இருந்தது. டிக்கெட்டும் அவர் பையில். பிடுங்கப் பார்த்தேன். அம்மா பின்னாலிருந்து என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரியில் சந்தனம் கொடுத்தார்கள். மைத்துனர் என் கையில் ஒரு பந்தைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார். பெரியப்பா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையைப் பிரிகிற துக்கமாம்.

அந்தக் கல்லூரியில் முதல் வருஷம் சில போட்டிகள் ஆடினோம். செட்டராக நின்ற பெண் நல்லவள். பாவம், பின்னால் தள்ளினால் பந்து நெட்டைத் தாண்டிவிடும். பாதி நேரம் நான் காற்றைத்தான் அடித்தேன். இரண்டாம் வருஷம் பி.டி. சார் போய்விட்டார். வாலிபால் கோட்டில் கல்லூரி பஸ்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். என் படம் மட்டும் ராசிபுரம் ரோட்டுப் போர்டில் வெளுத்துப்போகிற வரைக்கும் குதித்துக்கொண்டிருந்தது. அந்த நாலு வருஷத்தில் பெரியப்பா வாராவாரம் முறுக்கு வாங்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தார். ஒவ்வொரு வாரமும் நான் ஒன்றைத்தான் கேட்டேன். சென்னை மேடத்துக்கு ஒரு போன் போட்டு, பாப்பா மேல் தப்பில்லை, நான்தான் அனுப்பவில்லை என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். ஆகட்டும் சாமி என்பார். முறுக்குப் பையை வைத்துவிட்டுப் போவார்.

டிகிரி முடித்தேன். வீட்டில் சண்டை போட்டு உடற்கல்வி படித்து, நாமக்கல்லில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் நடந்த மாநிலப் பள்ளிப் போட்டிக்கு என் மாணவிகளைக் கூட்டிப் போயிருந்தேன். ஆள் எடுக்க அந்த மேடம் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அதே கான்வாஸ் ஷூ. எங்கள் அணியில் நன்றாக ஆடுகிற உயரமான பெண் ஒருத்தி இருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் வணக்கம் சொன்னேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“உங்க பக்கத்துப் பொண்ணுங்களை நான் எடுக்கறதில்லைம்மா” என்றார். “வர்றேன்னு சொல்லிட்டு வராம போயிடுவீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் என்ன தப்பு செய்தாள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் மற்ற பெண்களை உடன் வந்த டீச்சரிடம் விட்டுவிட்டு, நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போதே உடம்பு சரியில்லாமல்தான் இருந்தார். நான் உட்காரவில்லை. போட்டி நடத்துகிறவர்களிடம் வாங்கி வந்த நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை அவர் கையில் திணித்தேன்.

“சொல்லுங்க. இப்ப எம் முன்னாடி சொல்லுங்க. பாப்பா வரேன்னுதான் கெளம்புச்சு, நான்தான் வண்டியைத் திருப்புனேன்னு சொல்லுங்க.”

“ஆகட்டும் சாமி, ஆகட்டும்.”

மேடம் எடுத்தார். பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. “நல்லாருக்கீங்களா மேடம்? நான் வாலிபால் ஆடுற பாப்பாவோட பெரியப்பனுங்க. மழையெல்லாம் அங்க எப்படீங்க? ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க, அன்னைக்குத்தான் சாப்பிடாம போயிட்டீங்க.” அவ்வளவுதான். போனை என்னிடம் நீட்டினார். “பாரு சாமி, அவங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. தங்கமாப் பேசறாங்க. நீதான் மனசுல வச்சுக்கிட்டே திரியற.”

போனைப் பிடுங்கி நானே பேசினேன். அன்றைக்கு நான் பையோடு கிளம்பியது, கார் திரும்பியது, வாரோமுங்க என்றபோது கார் எந்த ரோட்டில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம், பெரியவங்ககிட்ட என்னத்துக்கு என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தவில்லை. கடைசிவரை பேசி முடித்தேன். பிறகு மேடம் சொன்னார்:

“அன்னைக்கு ஹாஸ்டல் வாசல்ல கெங்கவல்லிப் பொண்ணு ஒருத்தி அவ அப்பாவோட நின்னா. விடிகாலையில இருந்தே நின்னா. நீங்க வந்துட்டு இருக்கீங்கன்னு உங்க பெரியப்பா சொன்னதும், இடம் இல்லைம்மான்னு நான்தான் அவளைத் திருப்பி அனுப்பினேன்.”

இத்தனை வருஷமாக என் ஒருத்திக்குத்தான் இடம் போனது என்று நினைத்திருந்தேன். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

“கெங்கவல்லிங்களா மேடம்? அங்க நமக்குத் தெரிஞ்ச லாரிக்காரங்க இருக்கறாங்க. அந்தப் புள்ளைக்கு நம்ம பக்கத்துல ஏதாச்சும் காலேஜ்ல சொல்லி உடட்டுங்களா?”

மேடம் போனை வைத்துவிட்டார்.

“லைன் கட்டாயிருச்சு பாரு” என்றார் பெரியப்பா. “திருப்பிப் போடு சாமி.”